பதினான்கு வாரத்தில் புதிய தொழில்: பூட்கேம்ப்புகள் விற்றது எதை?

2012-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவில் டெவ் பூட்கேம்ப் என்ற சிறிய பயிற்சிக்கூடம் ஒன்று தொடங்கப்பட்டது. கணினி நிரல் எழுதிப் பழக்கமில்லாதவர்களை ஒரு குழுவாகச் சேர்த்து, ஒன்பது வாரம் காலை முதல் இரவு வரை ஒரே கூடத்தில் வைத்துப் பழக்கி, இணைய மென்பொருள் எழுதும் வேலைக்கு அனுப்பிவிடுவது அதன் திட்டம். பட்டமோ பல்கலைக்கழக அங்கீகாரமோ கிடையாது. அதே ஆண்டில் அதே நகரில் ஹேக் ரியாக்டரும் ஆப் அகாடமியும், நியூயார்க்கில் ஃப்ளாட்அயர்ன் ஸ்கூலும் தொடங்கின. மறு ஆண்டு லண்டனில் மேக்கர்ஸ் அகாடமியும் பாரிஸில் லெ வாகனும் வந்தன. பள்ளி ஆசிரியர், உணவக ஊழியர், வழக்கறிஞர், இசைக்கலைஞர் என்று ஏதோ ஒரு தொழிலில் சில ஆண்டுகள் இருந்து சலித்தவர்கள் மூன்று மாதத்தில் மென்பொருள் பொறியாளராகி வெளியேறும் கதைகள் பத்திரிகைகளில் நிறைந்தன. ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவரைப் பழக்கும் முகாமின் பெயரைத்தான் இந்தக் கூடங்கள் எடுத்துக்கொண்டன. மூன்றாம் வாரத்தில் தூக்கமின்றித் தவித்த எந்த மாணவரும் அந்தப் பெயரை மிகையென்று சொல்லியிருக்க மாட்டார்.

பன்னிரண்டு ஆண்டுகளில் இந்தத் துறை எழுந்ததையும் இறங்கியதையும் புரிந்துகொள்ள, இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சேர்ந்தவரைப் படிப்பை முடிக்க வைப்பது ஒரு திறமை. முடித்தவருக்கு வேலை கிடைப்பது இன்னொரு நிகழ்வு. முதலாவது பயிற்சிக்கூடத்தின் கையில் இருந்தது, அதில் அவை நிஜமாகவே தேர்ந்திருந்தன. இரண்டாவது பெரும்பாலும் கூடத்துக்கு வெளியே, நிறுவனங்கள் ஆள் எடுக்கும் வேகத்தில் இருந்தது. கட்டணம் வசூலிக்கப்பட்டதோ இரண்டாவதன் பெயரால்.

முதலாவதிலிருந்து தொடங்கலாம். ஆங்கிலத்தில் ‘கோஹார்ட்’ என்பதை நம் ஊரில் ‘பேட்ச்’ என்கிறோம்: ஒரே நாளில் சேர்ந்து, ஒரே பாடத்தை ஒரே வேகத்தில் படித்து, ஒரே நாளில் முடிக்கும் கூட்டம். பூட்கேம்ப்பின் உண்மையான கண்டுபிடிப்பு பாடத்திட்டம் அன்று, இந்த பேட்ச்தான். பாடம் எல்லா இடத்திலும் இலவசமாகவே கிடைத்தது. இணையவழிப் படிப்புத் தளங்களான கோர்ஸெராவும் எட்எக்ஸும் தொடங்கப்பட்டது அதே 2012-இல்தான். உலகின் சிறந்த பேராசிரியர்களின் விரிவுரைகள் வீட்டுக்கே வந்துவிட்டதால் வகுப்பறைகளுக்கு இனி வேலையில்லை என்று அப்போது பலர் நம்பினார்கள். எம்ஐடியும் ஹார்வர்டும் எட்எக்ஸ் வழியாக நடத்திய படிப்புகளின் தரவுகளை ஆராய்ந்து 2019-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான கட்டுரை வேறொரு நிலவரத்தைக் காட்டியது: 2017-18-இல் அவற்றில் பதிவு செய்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 3 பேர்தான் முடித்திருந்தார்கள். சான்றிதழுக்காகப் பணம் கட்டியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் விகிதம் பாதியை நெருங்கியது. பணம் கட்டினாலே மனம் கொஞ்சம் ஊன்றிவிடுகிறது என்பது இதில் தெரிகிறது. பணம் கட்டியவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் வழியில் விட்டுவிட்டார்கள் என்பதும் தெரிகிறது.

பூட்கேம்ப் அந்த மீதிப் பாதியைப் பிடித்து நிறுத்த முயன்றது. ஹேக் ரியாக்டரில் வாரத்துக்கு ஆறு நாள், நாளொன்றுக்குப் பதினொரு மணிநேரம் வகுப்பு. காலையில் எல்லோரும் நின்றபடியே, நேற்று என்ன செய்தேன், எங்கே சிக்கிக்கொண்டேன் என்று ஆளுக்கு ஒரு நிமிடம் சொல்வார்கள். பிறகு சிறிய விரிவுரை. அதன்பின் நாளின் பெரும்பகுதி இருவர் இருவராக ஒரே கணினியின் முன் அமர்ந்து எழுதுவதில் கழியும். ஒருவர் தட்டச்சு செய்ய, மற்றவர் பக்கத்திலிருந்து யோசித்துத் திருத்துவார், சிறிது நேரத்தில் இடம் மாறிக்கொள்வார்கள். கடைசி வாரங்கள் குழுத் திட்டப்பணிக்கும் மாதிரி நேர்காணலுக்கும். இவற்றுள் எதுவும் கல்வியியலில் புதிதில்லை. ஆனால் தனியே படிப்பவர் புரியாத இடத்தில் பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடலாம். பக்கத்து நாற்காலியில் ஒருவர் நம் அடுத்த வரிக்காகக் காத்திருக்கும்போது அப்படி எழுந்து போவது கடினம். தொழில் மாறுகிறவருக்கு இது கூடுதலாகவே தேவைப்படுகிறது. முப்பத்திரண்டு வயதில், ஒரு துறையில் பேர் வாங்கிய பிறகு, இன்னொன்றில் அ ஆவிலிருந்து தொடங்குகிறவரை அதிகம் வாட்டுவது பாடத்தின் கடுமை அன்று. தான் மட்டும்தான் மந்தம் என்ற எண்ணம். எதிர் நாற்காலியில் இருக்கும் முன்னாள் கணக்கரும் அதே பிழையோடு இரண்டு மணிநேரம் மல்லுக்கட்டுவதைப் பார்த்தால் அந்த எண்ணம் தளர்ந்துவிடும்.

பேட்ச்சின் பயன் படிப்போடு முடிவதுமில்லை. முதலில் வேலை கிடைத்தவர் தன் நிறுவனத்தில் அடுத்த இடம் காலியானதும் பழைய கூட்டாளியின் பெயரைச் சொல்வார். சென்னையில் எந்த ஐ.டி. அலுவலகத்திலும் ‘ரெஃபரல்’ எப்படி நடக்கிறது என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கல்லூரி நண்பர் வட்டம் நான்கு ஆண்டுகளில் தருவதைப் பூட்கேம்ப் நான்கு மாதத்தில் தர முயன்றது, ஓரளவு தரவும் செய்தது.

இதில் மறைந்திருந்த இன்னொரு காரணம் தேர்வு. தொடக்ககாலக் கூடங்கள் வந்தவர்களையெல்லாம் சேர்க்கவில்லை. நேர்காணலும் புதிர்களும் வைத்து, விண்ணப்பித்தவர்களில் சிறு பகுதியினரையே எடுத்துக்கொண்டன. வந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே பட்டதாரிகள். சில மாதம் சம்பளமின்றி சான் பிரான்சிஸ்கோவிலோ நியூயார்க்கிலோ தங்கிப் படிக்கும் அளவுக்குச் சேமிப்போ குடும்ப ஆதரவோ உள்ளவர்கள். இப்படிப்பட்ட முப்பது பேரை அறையில் அடைத்து நல்ல புத்தகங்களை மட்டும் கொடுத்திருந்தாலும் கணிசமானோர் வேலைக்குப் போயிருப்பார்கள். ஆகவே முதல் சில ஆண்டுகளின் வெற்றி விகிதத்தில் பயிற்சியின் பங்கு எவ்வளவு, வடிகட்டலின் பங்கு எவ்வளவு என்று கேட்டிருக்க வேண்டும். முதலீட்டாளர்களும் சரி, சேர வந்தவர்களும் சரி, அந்த விகிதத்தைப் பயிற்சியின் விளைவாக மட்டுமே எடுத்துக்கொண்டார்கள்.

அந்த நம்பிக்கையில் பெரும்பணம் வந்தது. டெவ் பூட்கேம்ப்பை 2014-இல் கல்வி நிறுவனமான கேப்லன் வாங்கியது. ஃப்ளாட்அயர்ன் ஸ்கூலை 2017-இல் அலுவலக இடங்களை வாடகைக்கு விடும் வீவொர்க் வாங்கியது. ஜெனரல் அசெம்ப்ளி என்ற இன்னொரு பூட்கேம்ப்பை 2018-இல் ஆள்சேர்ப்பு நிறுவனமான அடெக்கோ 41.3 கோடி டாலருக்கு வாங்கியது. பல்கலைக்கழகங்களின் பெயரில் பூட்கேம்ப் நடத்திவந்த டிரிலஜி எஜுகேஷனுக்கு 2019-இல் 2யூ என்ற இணையவழிக் கல்வி நிறுவனம் கொடுத்த விலை 75 கோடி டாலர். விரிவாக்கம் என்றாலே சேர்க்கையில் தளர்வு என்று பொருள், பேட்ச் பெரிதாவது என்று பொருள், ஆசிரியர்களாக நேற்று முடித்த மாணவர்களையே வைத்துக்கொள்வது என்றும் பொருள். வெற்றிக்குக் காரணமான வடிகட்டலும் நெருக்கமும் முதலில் தேய்ந்தன.

கட்டணத்தின் கதை இன்னும் சுவையானது. முழுநேரப் பூட்கேம்ப்பின் கட்டணம் சராசரியாக 13,000 டாலரை ஒட்டியும், பெயர்பெற்ற இடங்களில் 17,000 டாலரைத் தாண்டியும் இருந்தது. வேலையை விட்டுவிட்டு வருகிறவரிடம் அவ்வளவு பணத்தை முன்கூட்டிக் கேட்பது கடினம். ஆப் அகாடமி முதலிலேயே ஒரு வழி கண்டது: இப்போது கட்ட வேண்டாம், வேலை கிடைத்த பின் முதலாண்டுச் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுத்தால் போதும். இந்தக் கருத்து பழையது. பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் 1955-இலேயே, ஒருவரின் படிப்புக்குக் கடன் கொடுப்பதைவிட அவருடைய வருங்கால வருமானத்தில் பங்கு வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார். யேல் பல்கலைக்கழகம் 1971-இல் அதைச் செய்தும் பார்த்தது. தள்ளிவைத்த ஒவ்வொரு 1,000 டாலர் கட்டணத்துக்கும் மாணவர் ஆண்டு வருமானத்தில் 0.4 சதவீதம் கட்ட வேண்டும். தன் பங்கு தீர்ந்தாலும் நிறுத்த முடியாது, அந்த பேட்ச் முழுவதன் கடனும் தீரும்வரை, அதிகபட்சம் 35 ஆண்டுகள், கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நம் மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கூட்டுப் பொறுப்பு இங்கே நினைவுக்கு வரலாம். ஆனால் குழுப் பெண்கள் வாரந்தோறும் முகம் பார்த்துக்கொள்கிறார்கள்; யேல் மாணவர்கள் படிப்பு முடிந்ததும் திசைக்கொருவராகச் சிதறினார்கள். அதிகம் சம்பாதித்தவர்கள் மொத்தமாகப் பணம் கட்டி விலகிக்கொள்ள, சிலர் கட்டாமலேயே விட்டுவிட, நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் மற்றவர் கடனையும் சேர்த்துச் சுமந்தார்கள். கடைசியில் மீதியைப் பல்கலைக்கழகமே ஏற்று முடித்துவைத்தது.

இந்த யோசனையைப் புதுப்பித்துப் பெரும்புகழ் பெற்றது 2017-இல் தொடங்கிய லாம்டா ஸ்கூல். முழுதும் இணையவழிப் படிப்பு, முன்பணம் தேவையில்லை, ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல் சம்பளம் வரும் வேலை கிடைத்தால் இரண்டு ஆண்டுகளுக்கு வருமானத்தில் 17 சதவீதம், உச்சவரம்பு 30,000 டாலர். உனக்கு வேலை கிடைக்காவிட்டால் எனக்கும் நட்டம் என்று பள்ளி சொல்வதாக மாணவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்த வாக்கு கவர்ச்சியானது மட்டுமன்று, கோட்பாட்டளவில் நியாயமானதும்கூட. பயிற்சி சரியில்லையென்றால் பயிற்றுவித்தவரும் இழக்க வேண்டும் என்ற ஏற்பாடு கல்வித் துறையில் அரிது. ஆனால் பள்ளி அந்த ஒப்பந்தங்களில் பலவற்றை முதலீட்டாளர்களிடம் முன்கூட்டியே விற்றுக் காசாக்கிக்கொண்டிருந்தது. மாணவருக்கு வேலை கிடைப்பதற்கு முன்பே பள்ளியின் கைக்குப் பணம் வந்துவிட்டால், இருவர் நலனும் ஒன்று என்ற அடிப்படையே ஆட்டம் காண்கிறது.

2021-இல் புளூம் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி என்று பெயர் மாற்றிக்கொண்ட அந்தப் பள்ளிமீது, அமெரிக்காவின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2024 ஏப்ரலில் நடவடிக்கை எடுத்தது. அதன் ஆணையின்படி, வருமானப் பங்கு என்ற பெயரில் தரப்பட்டவை கடன்களே. அவற்றில் சராசரியாகச் சுமார் 4,000 டாலர் நிதிக் கட்டணம் உள்ளடங்கியிருந்தது, அது மாணவர்களுக்குச் சொல்லப்படவில்லை. முடித்தவர்களில் 71 முதல் 86 சதவீதம் பேருக்கு வேலை கிடைத்ததாக விளம்பரம் சொல்ல, உள்ளே இருந்த கணக்குகள் 50 சதவீதத்தை ஒட்டியும் சில வேளை 30 சதவீதம் வரை தாழ்ந்தும் இருந்தன. தலைமை அதிகாரி ஆஸ்டன் ஆல்ரெட் ஒரு பேட்ச்சில் நூறு சதவீதம் பேருக்கும் வேலை கிடைத்ததாகப் பொதுவெளியில் எழுதியிருந்தார். அந்தக் கணக்கில் இருந்தது ஒரே ஒரு மாணவர் என்று தனிச்செய்தியில் பின்னர் ஒப்புக்கொண்டதையும் அமைப்பு வெளியிட்டது. நிறுவனத்துக்கு நுகர்வோர் கடன் வழங்க நிரந்தரத் தடை, ஆல்ரெட்டுக்கு மாணவர் கடன் தொழிலில் பத்தாண்டுத் தடை, இருவருக்குமாக 1,64,000 டாலர் அபராதம். அபராதத் தொகை சிறியது. ஓராண்டுக்கும் மேலாகத் தகுந்த வேலை கிடைக்காதிருந்தவர்களிடம் வசூலிப்பதை நிறுத்த வேண்டும் என்ற பகுதிதான் மாணவர்களுக்கு உதவியது.

லாம்டாவை மட்டும் தனித்துக் குறை சொல்வது சரியாகாது. ‘பிளேஸ்மென்ட் சதவீதம்’ என்ற எண்ணே எளிதில் வளைக்கக்கூடியது. ஃப்ளாட்அயர்ன் ஸ்கூல், தன்னிடம் படித்தவர்களில் 98.5 சதவீதம் பேருக்கு வேலை, சராசரித் தொடக்கச் சம்பளம் 74,447 டாலர் என்று விளம்பரம் செய்திருந்தது. உரிய உரிமமின்றி நடத்தியது, இந்த எண்களைத் தெளிவின்றி வெளியிட்டது ஆகியவற்றுக்காக 2017-இல் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரலிடம் 3,75,000 டாலர் கட்டி அந்த நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. 98.5-க்குள் தொழில்பழகுநர்களும் ஒப்பந்த வேலைக்காரர்களும் சுயமாகச் சிறு வேலை எடுத்துச் செய்தவர்களும் அடக்கம். சராசரிச் சம்பளமோ முழுநேர வேலை கிடைத்தவர்களை மட்டும் வைத்துப் போட்டது. அவர்கள் வகுப்பில் படித்தவர்களில் 58 சதவீதமும் இணையத்தில் படித்தவர்களில் 39 சதவீதமுமே. இரண்டு எண்களும் தனித்தனியே பொய்யல்ல. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவருக்கு, ஏறத்தாழ எல்லோருக்கும் அந்தச் சம்பளம் கிடைத்தது என்றுதான் தோன்றும். வகுக்கும் எண்ணில் யாரைச் சேர்ப்பது என்பதில்தான் வித்தை: இடையில் நின்றவரை விட்டுவிடலாம், ‘தீவிரமாக வேலை தேடவில்லை’ என்று சிலரை நீக்கலாம், பள்ளியிலேயே உதவி ஆசிரியராக வைத்துக்கொண்டவரை வேலை கிடைத்தவராக எழுதலாம். சில கூடங்கள் சேர்ந்து 2017-இல் சிஐஆர்ஆர் என்ற பொது அளவுகோலை உருவாக்கி, முடித்த 180 நாளில் எல்லோருடைய நிலையையும் வகை பிரித்துச் சொல்ல வேண்டும் என்று விதித்துக்கொண்டன. நேர்மையாகச் செய்தவர்களின் எண் விளம்பரத்தில் சிறிதாகத் தெரிந்தது. அளவுகோலில் சேராதவர்களின் எண் பெரிதாகத் தெரிந்தது. விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

வெளியே இருந்த சந்தை என்ன செய்தது? முதல் எச்சரிக்கை 2017-இலேயே வந்தது. அந்த ஜூலையில், தொடங்கிவைத்த டெவ் பூட்கேம்ப்பே மூடப்போவதாக அறிவித்தது. தென் கரோலினாவின் கிரீன்வில்லில் தோன்றிப் பல நகரங்களில் பரவியிருந்த அயர்ன் யார்டும் அதே மாதம் அப்படியே அறிவித்தது. அப்போது மென்பொருள் துறையில் ஆள் தேவைக்குக் குறைவில்லை. அவற்றை வீழ்த்தியது வாடகையும் ஆசிரியர் சம்பளமும் போட்டியும். இரண்டாவது அடி வேறுவகை. 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டியிருந்த அமெரிக்க வட்டி விகிதம் 2023 ஜூலையில் 5.25 சதவீதத்தைத் தாண்டியது. மலிவான பணத்தை நம்பி ஆள் சேர்த்த நிறுவனங்கள் குறைக்கத் தொடங்கின: 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரை, 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரை அனுப்பின. அப்படி வெளியே வந்தவர்கள் அனுபவசாலிகள். பதினான்கு வாரம் படித்த முன்னாள் ஆசிரியரும், ஐந்தாண்டு பெரிய நிறுவனத்தில் இருந்தவரும் ஒரே இடத்துக்கு விண்ணப்பித்தால் யார் எடுக்கப்படுவார் என்பதில் ஐயமில்லை. 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளியானபோது இந்தச் சரிவு ஏற்கெனவே தொடங்கியிருந்தது என்பதை, எல்லாவற்றுக்கும் செயற்கை நுண்ணறிவையே காரணமாகச் சொல்கிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். அது செய்தது, புதியவர்களுக்குப் பழகக் கொடுக்கப்படும் சிறு வேலைகளை எடுத்துக்கொண்டு, அடிப்படியில் இருந்த இடத்தை இன்னும் சுருக்கியதுதான். 2யூ நிறுவனம் 2024 ஜூலையில் திவால் பாதுகாப்பு கோரியது. அந்த ஆண்டின் இறுதியில், 75 கோடி கொடுத்து வாங்கிய பூட்கேம்ப் தொழிலையே கைவிடுவதாகச் சொன்னது.

இந்தியாவில் இந்த முறை வேறொரு வரிசையில் வளர்ந்ததைக் கவனிக்க வேண்டும். இங்கே ஆயிரக்கணக்கானோரைத் தீவிர பேட்ச் முறையில் பழக்கும் இடம் எந்தத் தனிப் பயிற்சிக்கூடமும் அன்று. மைசூரில் இன்ஃபோசிஸ் நடத்தும் வளாகம். அங்கே முதலில் வேலை, பிறகு பயிற்சி. மெக்கானிக்கலும் சிவிலும் படித்த இளைஞர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டே ஜாவா கற்கிறார்கள். தமிழ்நாட்டின் பொறியியல் பட்டதாரிகளில் எத்தனையோ பேருக்குத் தொழில் மாற்றம் நடந்ததே இப்படி நிறுவனங்களின் சொந்தப் பயிற்சி பேட்ச்களில்தான், அதை அவர்கள் தொழில் மாற்றம் என்றுகூட நினைத்ததில்லை. அங்கே ஆபத்தைச் சுமப்பது நிறுவனம். ஆனால் அதுவும் முழுதாக அன்று: 2025 பிப்ரவரியில் உள்தேர்வுகளில் மூன்று வாய்ப்பிலும் தேறாத சில நூறு பயிற்சியாளர்களை அந்த வளாகத்திலிருந்து நிறுவனம் வெளியேற்றியது பெரிய சர்ச்சையானது.

நிறுவனங்கள் அப்படிக் கூட்டமாக எடுப்பது குறையக் குறைய, தனியார் பூட்கேம்ப் இங்கும் இடம்பிடித்தது. பெங்களூரில் 2019-இல் தொடங்கிய மசாய் ஸ்கூல் வருமானப் பங்கு முறையைக் கொண்டுவந்தது. தாய்மொழியில் நிரல் கற்பிப்பதில் தொடங்கிய சென்னையின் குவி நிறுவனம், பேட்ச் முறைப் பயிற்சியும் நடத்துகிறது. அதன் பெரும்பங்கை எச்சிஎல் 2022-இல் வாங்கியது. ஆனால் வேளச்சேரியிலும் தி.நகரிலும் பலகை வைத்திருக்கும் எண்ணற்ற சிறு கூடங்களில் மாணவர் எதிர்கொள்வது பெரும்பாலும் மாதத் தவணைதான். பயிற்சிக்கூடம் கைகாட்டும் நிதி நிறுவனம் கட்டணம் முழுவதையும் கூடத்துக்குக் கொடுத்துவிடும். மாணவர் மாதாமாதம் அந்த நிதி நிறுவனத்துக்குக் கட்ட வேண்டும். கையொப்பமிடுவது படிப்புக்கான விண்ணப்பம் என்று நினைப்பவர் உண்மையில் கடன் பத்திரத்தில் கையொப்பமிடுகிறார். வகுப்பு பாதியில் நின்றாலும் தவணை நிற்காது. ‘வேலை கிடைத்தபின் கட்டலாம்’ என்பதும் ‘எளிய தவணையில் கட்டலாம்’ என்பதும் பலகையில் ஒரே எழுத்தளவில் இருந்தாலும், நட்டம் யாருடையது என்பதில் இரண்டும் நேரெதிர்.

இங்கிலாந்து அரசு 2020 முதல் நடத்தும் திறன் பூட்கேம்ப் திட்டத்தை இதனோடு ஒப்பிடலாம். பத்தொன்பது வயது நிரம்பியவருக்கு, பதினாறு வாரம் வரை. நிறுவனம் அனுப்பாமல் தானாக வந்து சேர்கிறவருக்குக் கட்டணமில்லை. பயிற்சி தருகிறவருக்கு அரசுப் பணம் ஒரே தடவையில் போவதில்லை: மாணவர் சேரும்போது ஒரு பகுதி, முடிக்கும்போது ஒரு பகுதி, நல்ல வேலைக்கோ புதிய பொறுப்புக்கோ போனபின் ஒரு பகுதி. கவனிக்க வேண்டியது, அரசே நடத்தும் இத்திட்டமும் வேலை தேடுவோருக்கு உறுதியளிப்பது ஒரு நேர்காணலை மட்டுமே.

வேலையை விட்டுவிட்டு ஒரு பேட்ச்சில் சேரலாமா என்று யோசிப்பவர், கட்டணத்தைவிடத் தன் வீட்டுச் செலவைத்தான் முதலில் கணக்கிட வேண்டும். அந்தத் துறையின் ஓரளவு நேர்மையான அளவுகோலே முடித்தபின் 180 நாள் வரை காத்திருந்துதான் வேலை கிடைத்ததா என்று எண்ணுகிறது. பதினான்கு வாரப் படிப்போடு அதைக் கூட்டினால் நாற்பது வாரம், அதாவது ஒன்பது மாதத்துக்கும் மேல் சம்பளமில்லை. சேர்வதற்கு முன்பே அடிப்படையைத் தானாகப் படித்து வரும்படி நல்ல கூடங்கள் கேட்கும் ஓரிரு மாதம் இந்தக் கணக்கில் சேரவில்லை.